வீடு என்று சொல்ல இரண்டு கை

என் கை போய்விட்டது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது கை அல்ல, கண். வலக்கண்ணின் மேலிமை ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி விடுதியில் காய்ச்சல் பார்த்துப் போனவர்களும் கவனிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பவானிதான் கண்டாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. மற்றவர்கள் குரலில் கேட்பதை முகத்தில் கேட்பவள். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் முகத்தை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு சொல் பிசகியதும் எழுந்து வந்துவிட்டாள்.

என் இமையைத் தொட்டாள். தன் இமையைப் பாதி மூடிக் காட்டினாள். பிறகு புருவத்தை உயர்த்தினாள்: ஏன்?

நித்திரை இல்லை, அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் பாஷையில் நித்திரைக்கு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைக்கவேண்டும். ஒரு கை எழுந்தது. மற்றது கட்டிலில் கிடந்தது, யாரோ மறந்து விட்டுப்போன பொருள்போல.

காலையில் சுற்றுக்கு வந்த மருத்துவர் பண்டத்தரிப்புப் பக்கத்துப் பெண். பவானி அவருடைய வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, என் கண்ணைக் காட்டினாள். அவர் குனிந்து சின்ன ரோர்ச் வெளிச்சத்தை இரண்டு கண்ணிலும் மாறி மாறி அடித்தார்.

“இந்தக் கண்மணி மற்றதை விடச் சின்னனாய்க் கிடக்கு,” என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் பவானி கேட்டுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். நான் முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

விளக்கம் பின்னேரம் வந்தது. கண்மணியை விரிக்கிற, இமையைத் தூக்கிப் பிடிக்கிற மெல்லிய நரம்பொன்று, கைக்குப் போகும் கடைசி வேரோடு சேர்ந்துதான் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணிலிருந்து புறப்படுகிறதாம். இமை சரிந்தால், அந்த வேர் வெளியே எங்கோ அறுந்திருக்கவில்லை, உள்ளே பிறந்த இடத்திலேயே பிடுங்குப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். கழுத்திலிருந்து ஐந்து வேர்கள் இறங்கி, தோளுக்குக் கீழே பின்னிப் பிரிந்து, ஒரு கையாகின்றன. அந்தப் பின்னலைத்தான் நான் இழந்திருந்தேன்.

எப்படி என்று சொல்லவேண்டும். வாசிப்பவர்களில் யாருக்காவது உதவக்கூடும்.

எங்கள் ஊர் வடக்குக் கரையில். தை பிறந்தால் கடற்கரை முழுக்கப் பட்டம். கடையில் வாங்கும் பட்டம் அல்ல. ஆளுயரத்தைத் தாண்டும் எட்டுமூலைப் பட்டங்கள், காற்றில் கூவும் நார் வில்லான விண் பூட்டியவை. விண் கூவத் தொடங்கினால் ஊரே அதன் கீழ்தான் சமைக்கும், சாப்பிடும். பவானிக்கு அது கேட்காது. கயிற்றில் விரலை வைத்துப் பார்த்துச் சிரிப்பாள். அவளுடைய தம்பி ரவிதான் எங்கள் பகுதிப் பட்டக்காரருக்குத் தலைவன். அன்றைக்குக் கயிறு பிடிக்க ஆள் போதாது. “அத்தான், கயித்து வாலிலை நிண்டால் காணும், சும்மா பாரத்துக்கு,” என்றான். போய் நின்றேன்.

கரைவலை இழுத்து வளர்ந்த கை என்னுடையது. பிறகுதான் படகு எஞ்சின் திருத்தப் போனேன். வலை இழுக்கும்போது கயிறு வழுகாதிருக்க முன்னங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வோம். அது எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். நான் யோசிக்கவேயில்லை, கை தானாகச் சுற்றிக்கொண்டது. கடல் இழுக்கும்போது மெல்ல இழுக்கும், சொல்லிவிட்டு இழுக்கும். காற்று அப்படியல்ல. ஒரே வீச்சாய் ஒரு மொத்தக் காற்று வந்தது. “விடுங்கோ! எல்லாரும் விடுங்கோ!” என்று ரவி கத்தினான். எல்லோரும் விட்டார்கள். என்னால் விட முடியவில்லை.

உயரத் தூக்கவில்லை. காலுக்கும் மணலுக்கும் இடையில் ஒரு பூனை ஓடலாம், அவ்வளவுதான். ஆனால் உடம்பு முழுவதும் ஒரு கையில் தொங்கியது. கழுத்துக்குள் ஏதோ ஒன்று, ஈரச் சீலையைக் கிழிப்பதுபோலக் கிழிந்தது. அதன்பிறகு கயிறு தானே அவிழ்ந்தது. இரத்தம் இல்லை. எலும்பு முறியவில்லை. தோலில் கயிற்றின் சிவப்பு மட்டும். “சுளுக்குத்தான், அத்தான்,” என்றார்கள். எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம். சுளுக்கென்றால் நோகும், ஆனால் அசையும். இது அசையவில்லை. நோவோ வேறு வகை. வெளியே ஊசியால் குத்தினால் தெரியாது. உள்ளேயோ இல்லாத விரல்களை ஒருவன் அடுப்பில் வைத்துத் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டிருந்தான். வெளியே கல், உள்ளே நெருப்பு. முண்ணாணிலிருந்து வேர் பிடுங்கினால் அப்படித்தான் எரியுமாம். காயம் இல்லை என்று எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். அவ்வளவுதான் நான் தரக்கூடிய புத்தி.

விடுதியில் என் பக்கத்துக் கட்டில் குருநகர் அந்தோனி அண்ணை. திருக்கை முள் ஏறிய கால். வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை.

“தம்பி, உன்ரை மனிசி கதைக்கிறதேயில்லையோ?”

“காது கேளாது அண்ணை. கையாலை கதைப்பா.”

“அட கடவுளே. மாதாவே, என்ரை வீட்டிலையும் ஒரு கிழமைக்கு உப்பிடி ஒண்டு நடக்கக்கூடாதோ?”

“பின்னேரம் அக்கா வருவாதானே. சொல்லிப்போடுறன்.”

“ஐயோ வேண்டாம்! மற்றக் காலிலையும் முள் ஏறும்.”

இரண்டாம் நாள் அவர் பவானியிடம் மீனுக்கு என்ன சைகை என்று கேட்டுப் பழகினார். மூன்றாம் நாள் நண்டு, இறால், கணவாய். அதற்குமேல் அவருக்குத் தேவையாயிருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கட்டிலுக்கு மேலால் இருவரும் கடல் முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். பவானி சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவியோடு என்னை விடச் சரளமாக ஒரு குருநகர்க்காரர் கதைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது எது போயிருக்கிறதென்று. எங்கள் பாஷை பாடசாலையில் படித்தது பாதி, நாங்களே உண்டாக்கியது பாதி. பசியை ஒரு கையால் சொல்லலாம். தண்ணீர், வா, போ, காசு, இவையெல்லாம் ஒரு கை. வீடு என்று சொல்ல இரண்டு கை வேண்டும். விரல் நுனிகள் கூரையாகச் சந்திக்கவேண்டும். கடலுக்கு இரண்டு. மழைக்கு இரண்டு. கலியாணத்துக்கு, சண்டைக்கு, மன்னிப்புக்கு இரண்டு. ஒரே கையோடு நான் பசிக்கிறவனாகவும் தாகம் எடுக்கிறவனாகவும் சுருங்கிவிட்டேன். எழுதிக் காட்டலாமே என்று கேட்பார்கள். இடக்கையால் கிறுக்கிக் காட்டவும் செய்தேன். எழுதியதை வாசிக்க அவள் குனிகிறாள். குனிந்தால் முகம் போய்விடுகிறது. முகம் இல்லாத சொல்லை அவள் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை.

நரம்புச் சோதனைக்கு ஓர் அறை. தசைக்குள் மெல்லிய ஊசி இறக்கி, அங்கே நடக்கும் மின்சாரத்தைச் சத்தமாக மாற்றுவார்கள். கையைச் சும்மா வைத்திருக்கச் சொன்னார்கள். சும்மா வைப்பதைத் தவிர எனக்கு வேறு தெரியாது. பெட்டிக்குள்ளிருந்து தகரக் கூரையில் மழை தூறுவதுபோல ஒரு சத்தம்.  சத்தம் இருக்கிறது என்றால் உயிர் இருக்கிறது என்றல்லவா?

“அது நல்ல சத்தம் இல்லை, ஐயா,” என்றார் மருத்துவர். “நரம்பு இல்லாமல் போன தசை தன்பாட்டிலை துடிக்குது. கூப்பிட ஆள் இல்லாமல் தானே தன்னைக் கூப்பிடுற மாதிரி.”

பவானி என் தோளைத் தட்டினாள். பெட்டி என்ன சொல்லுது? மருத்துவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். பச்சைக் கோட்டில் சின்னச் சின்ன முட்கள். மழை, என்று சொல்ல எனக்கு ஒரு கை குறைவாக இருந்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு ரவியையும் வைத்துக்கொண்டு மருத்துவர் இருந்து கதைத்தார். கீழ் வேர்கள் பிடுங்குப்பட்டுவிட்டன. அவற்றைத் திருப்பி முண்ணாணில் நட முடியாது. மேல் வேர்கள் வெளியே கிழிந்திருக்கின்றன, அடிக்கட்டை மிஞ்சியிருக்கிறது. கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை. விலா எலும்புகளுக்கிடையில் மூச்சுக்கு உதவும் நரம்புகள் சிலவற்றை எடுத்து முழங்கை மடக்கும் தசைக்கு மாற்றுவார்கள். கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை உருவி, மிஞ்சிய ஒரு வேரிலிருந்து உள்ளங்கைக்குப் போகும் வழிக்குப் பாலமாக வைப்பார்கள்.

“பாலம் போட்டால் கை வந்திடும்தானே, டொக்டர்?” ரவி கேட்டான்.

“நரம்பு எண்டது வயர் மாதிரி இல்லைத் தம்பி. வயரை முறுக்கி விட்டால் கரண்ட் உடனை போகும். நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்கு அங்காலை இருக்கிறது செத்துப்போகும். ஆனால் அது ஓடின குழாய் மிஞ்சும். குழாய்க்குள்ளை ஷ்வான் செல் எண்டு சொல்லுற சில கலங்கள் வரிசையாய் நிண்டு காவல் இருக்கும்.”

“ஆருக்கு?” என்றேன்.

“புதுசாய் முளைச்சு வாற நரம்புக்கு. அதின்ரை நுனிக்குக் கண் இல்லை, ஐயா. தடவித் தடவித்தான் வரும். அந்தக் கலங்களின்ரை மேலிலை ஒட்டுற மூலக்கூறுகள் கொஞ்சம் எழும்பி நிக்கும். என்-காம் எண்டு ஒண்டு, எல்-ஒன் எண்டு ஒண்டு. நரம்பு நுனியிலையும் அதுகளே இருக்கு. இது அதைத் தொட்டுப் பிடிக்கும். உப்பிடி.” அவர் தன் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினார்.

இவ்வளவு நேரமும், மருத்துவர் சொல்வதைச் சைகையாக்கிக்கொண்டிருந்த ரவியின் கைகளையும் மருத்துவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பவானி திடுக்கிட்டாள். ரவியிடம் ஏதோ கேட்டாள். ரவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னவாம்?” என்றார் மருத்துவர்.

“உது எங்கடை வீட்டிலை கலியாணத்துக்குக் காட்டுறது, டொக்டர். அக்கா கேக்கிறா, நரம்பு வருத்தத்துக்கு ஏன் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கிறீங்கள் எண்டு.”

மருத்துவரும் சிரித்தார். “பிழையில்லை. சொல்லுங்கோ, கிட்டத்தட்ட அதுதான் எண்டு.”

“அப்ப இறுக்கிப் பிடிச்சால் நல்லதுதானே?”

“இல்லைத் தம்பி. இறுக்கிப் பிடிச்சால் அதிலையே நிண்டுபோகும். அந்த என்-காமுக்கு மேலை சீனியாலை செய்த பூச்சு மாதிரி ஒண்டு வரும். அது பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். பிடிக்கவேணும், விடவேணும், அடுத்ததைப் பிடிக்கவேணும். அந்தத் தளர்வு இருந்தால்தான் தசைக்குப் போறது தசையின்ரை வழியைக் கண்டுபிடிக்குமாம். எலியளிலை பாத்து அறிஞ்சது. விடத் தெரியாத ஒட்டு ஒண்டுக்கும் உதவாது.”

ரவியின் கைகள் நடுவில் நின்றுவிட்டன. கடைசி வரியை அவன் தன் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

“அந்தக் கலங்கள் எவ்வளவு காலத்துக்குக் காவல் நிக்கும்?” என்றேன்.

“அதுதான் எங்கடை பயம். ஆள் வரேல்லை எண்டால் அதுகளும் களைச்சுப்போகும். ஒட்டுறதுகளை மேலை காட்டுறதை மெல்ல மெல்ல நிப்பாட்டிப்போடும். குழாயும் சுருங்கும். உங்கடை கழுத்திலையிருந்து விரலுக்கு எவ்வளவு தூரம்! நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் நடந்தால் பெரிய காரியம். அது போய்ச் சேர முந்திக் காவல் கலையக்கூடாது. முழங்கை வரும் எண்டு எனக்கு நம்பிக்கை இருக்கு. கை… பாப்பம்.”

பாப்பம். இந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனோம். செலவைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் ரவி என்னோடு கதைக்கமாட்டான். சத்திரசிகிச்சை நீண்டது, எனக்கு அதில் ஞாபகம் ஒன்றும் இல்லை. விழித்தபோது கழுத்திலும் நெஞ்சிலும் காலிலும் தையல். ஒரு கைக்காக உடம்பின் மற்ற ஊர்களிலெல்லாம் வரி தண்டியிருந்தார்கள். இன்றைக்கும், நரம்பை உருவிய காலில், இடப் பாதத்தின் வெளி ஓரம் மரத்துத்தான் கிடக்கிறது. செருப்பு கழன்றால் தெரியாது. பவானிதான் பின்னால் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

பிறகு வீடு. பிறகு காத்திருப்பு.

நரம்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அது வரும் பாதையில் விரல் நுனியால் மெல்லத் தட்டவேண்டும். முளை நிற்கும் இடத்தில் தட்டினால் எறும்பு ஓடுவதுபோல் சுரீரென்று கைக்குள் பரவும். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. காலையில் முகம் கழுவியதும் பவானி காறை எலும்பிலிருந்து தட்டிக்கொண்டு இறங்குவாள், சுவரில் பொள்ளல் தேடுகிறவள்போல. நான் முகத்தைச் சுளிக்கும் இடத்தில் நிற்பாள். தன் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைக் கழற்றி அந்த இடத்தில் ஒட்டுவாள். பிறகு கண்ணாடிக்குப் போய்த் தனக்கு வேறு ஒன்று ஒட்டிக்கொள்வாள். பொட்டு அக்குளைத் தாண்டியது. மேற்கையில் இறங்கியது. கிளினிக்கில் சட்டையைக் கழற்றியபோது மருத்துவர் பார்த்துவிட்டு, “உது ஆர் வைச்ச சுட்டி?” என்று கேட்டுச் சிரித்து, தன் பேனையால் தட்டிப் பார்த்து, “சரியான இடம்தான்,” என்றார். பவானி அந்த நாள் முழுவதும் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அந்த மாதங்களில்தான் அவள் எனக்குக் கை கொடுக்கத் தொடங்கினாள். உண்மையாகவே கை. கதைக்கும்போது என் வலப்பக்கம் வந்து ஒட்டி உட்காருவாள். என் இடக்கை கூரையின் ஒரு பாதியாக எழுந்ததும் அவளுடைய இடக்கை மற்றப் பாதியாக எழும். இரண்டு இடக்கைகள் சேர்ந்து ஒரு வீடு. முதலில் தடுமாறினோம். என் வாக்கியம் எங்கே போகிறது என்று அவள் ஊகிக்கவேண்டும். ஊகித்து என் சொல்லில் பாதியை அவள் சொல்லவேண்டும், தனக்கே. பழகிவிட்டது. ஒரே ஒரு வசதிக்குறைவு: சண்டை பிடிக்க முடியாது. ஒருநாள் மருந்து நேரத்தில் ஏதோ கோபம். நான் இடக்கையைத் தூக்கினேன். அவள் தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற ரவி விழுந்து விழுந்து சிரித்தான். “அத்தான், ஏசுறதெண்டால் இனி அக்காவிட்டை அனுமதி கேட்டுத்தான் ஏசவேணும்!”

“நீ வந்து மற்றக் கையைத் தா.”

“ஐயோ, நான் மாட்டன். எனக்கு இரவுச் சாப்பாடு இஞ்சைதான்.”

ஆனால் அவள் கை சேராமல் எதையும் அவளிடம் சொல்ல முடியாது என்பது வேறு விதமாகவும் உறைத்தது. பயத்தைச் சொல்ல இரண்டு கை வேண்டும். என் பயத்துக்கு அவள் கையை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அவளும், கொடுக்கவேண்டிய இடம் அது என்று தெரிந்தும், கொடுக்கவில்லை.

அடுத்த தையில் ரவி பட்டம் ஏற்றவில்லை. பட்டத்தை அடுப்படிக்குப் பின்னால் வைத்து எரித்துவிட்டான் என்று பிறகுதான் அறிந்தேன்.

“ஏன்ரா எரிச்சனி?”

“விடுங்கோ எண்டு நான்தானே கத்தினனான். கத்தாமல் இருந்திருந்தால் எல்லாரும் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பாங்கள்.”

“நீ கத்தினது சரி. விடவேண்டிய நேரம்தான் அது.”

“சரியெண்டால் ஏன் அத்தான் உங்கடை கை உப்பிடிக் கிடக்கு?”

 

மழை ஓய்ந்த ஒரு மாதத்தில் முழங்கை வந்தது. நான் கொட்டாவி விட்டேன். மடியில் கிடந்த கை, நித்திரையில் புரள்வதுபோல், ஓர் அங்குலம் தூக்கி விழுந்தது. பவானி கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டாள். மூச்சுக்குரிய நரம்பை முழங்கைக்குக் கொடுத்திருந்தார்கள் அல்லவா? ஆகவே கையை மடக்க நான் மூச்சிழுக்கவேண்டும். இழுத்தேன், எழுந்தது. விட்டேன்; விழுந்தது. சிரித்தால் குலுங்கும். தும்மினால் துள்ளும். “அத்தான், எனக்குப் பக்கத்திலை நிண்டு தும்மாதேங்கோ, அடி விழும்,” என்று ரவி தள்ளி உட்காருவான். அவன் முகத்தில் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்! ஒரு கிழமை வீட்டில் மிளகாய்த்தூளை என் மூக்கருகே கொண்டுவருவதே எல்லோருக்கும் விளையாட்டு. பவானி என் மேற்கைத் தசையில் உள்ளங்கையை வைத்து, நான் மூச்சிழுக்க அது திரள்வதை உணர்ந்துகொண்டே இருப்பாள், வயிற்றுப் பிள்ளையின் அசைவைப் பார்ப்பவள்போல. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

முழங்கை வந்தால் கையும் வரும். அப்படித்தான் இரண்டு பேரும் நினைத்தோம். பொட்டு முழங்கையின் உள்மடிப்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அங்கிருந்து மணிக்கட்டு ஒரு சாண். மணிக்கட்டிலிருந்து விரல் ஒரு சாண்.

பொட்டு அங்கேயே நின்றது.

முதலில் தட்டுவதில் பிழை என்று நினைத்தோம். இன்னும் மெல்லத் தட்டினாள். இன்னும் அழுத்தித் தட்டினாள். மாதம் மாறியது. அதே இடம், அதே எறும்பு. அதற்குக் கீழே கை குளிர்ந்து, பளபளத்து, விரல்கள் உள்ளே சுருளத் தொடங்கின. பெருவிரலடிச் சதை வற்றிக் குழி விழுந்தது. ஒருநாள் அவள் பொட்டை வேண்டுமென்றே கொஞ்சம் கீழே ஒட்டியதை நான் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன கிளினிக் நாளில் மருத்துவர் நெடுநேரம் தட்டினார். பேனையை மேசையில் வைத்தார். கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்து, திரும்ப மடியில் வைத்தார். எனக்கு அது தெரியவில்லை, கண்ணால் பார்த்தேன்.

“முழங்கைக்குக் கீழை வரேல்லை, ஐயா. கன நாளாய் அதே இடம்.”

“இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாத்தால்?”

“பாக்கலாம் எண்டு சொல்ல எனக்கு ஆசை. பொய் சொல்லக்கூடாது.” கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டார். “நரம்பு வர மறுக்கேல்லை. அது வந்து கதவடியிலை நிக்குது. அங்காலை பிடிக்கிறதுக்கு ஆள் இல்லை. அந்தக் கலங்கள் கன காலம் பாத்துக் களைச்சு ஒட்டுறதுகளை விட்டிட்டுது. இடையிலை தழும்பும் விழுந்திருக்கு. கையிலை இருக்கிற சின்னத் தசையளும் இப்ப தசை இல்லை.”

“அப்ப…”

“முழங்கை உங்களுக்கு நிக்கும். மணிக்கட்டை நேராய் நிப்பாட்ட ஒரு சின்ன வேலை செய்யலாம். விரல், தொடுகை… இனி வராது.”

பவானி எங்கள் இருவரையும் பார்த்தபடி இருந்தாள். ரவி அன்றைக்கு வரவில்லை, கடலுக்குப் போயிருந்தான். மருத்துவர் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அது மோசமான முயற்சி. பவானி போன்ற ஒருத்தியிடம் யாரும் அதைச் செய்யக்கூடாது.

“நான் எழுதிக் காட்டட்டோ?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

“இல்லை டொக்டர். நான் சொல்லுறன்.”

பஸ் நிலையத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் புறப்படாமல் நின்றது. கடலைக்காரன் ஏறி இறங்கினான். நாங்கள் நடுவில், இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் இருந்தோம், வழக்கம்போல் அவள் என் வலப்பக்கம். சாரதி இன்னும் வரவில்லை. என்ன சொன்னவ? என்று புருவத்தால் கேட்டாள்.

இடக்கையால் என் வலக்கையைத் தொட்டேன். கை. அது ஒரு கைச் சொல். ஓம், கை, என்று தலையாட்டினாள்.

முடிந்தது என்று சொல்ல இரண்டு உள்ளங்கைகள் வேண்டும். ஒன்றை ஒன்று மேலிருந்து கீழே உரசிப் பிரியவேண்டும், மாவைத் தட்டிவிடுவதுபோல. என் இடக்கையை உயர்த்தி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டி, காத்திருந்தேன்.

அவள் கை வரவில்லை.

எந்தச் சொல்லின் பாதி அது என்று அவளுக்குத் தெரியாதா? இவ்வளவு மாதமும் என் ஒவ்வொரு சொல்லின் மற்றப் பாதியாகவும் இருந்தவள். இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். வெளியே பார்த்தாள். ஒரு முச்சக்கரவண்டி ஒலி எழுப்பிக்கொண்டு திரும்பியது. என் கை அந்தரத்தில் நின்றது. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தார், யாரை ஆசீர்வதிக்கிறேன் என்பதுபோல. என்னால் இறக்க முடியவில்லை. இறக்கினால் இன்னொரு நாள் மறுபடி தூக்கவேண்டும்.

சாரதி ஏறினார். எஞ்சின் உதறியது. இருக்கை வழியே அந்த நடுக்கம் அவளுக்கும் வந்திருக்கவேண்டும், திரும்பினாள். என் முகத்தை, சரிந்த இமையிலிருந்து தாடை வரை, நிதானமாகக் கேட்டாள். பிறகு கைகளை வெளியே எடுத்தாள். அவள் தன் கையைத் தரவில்லை. என் மடியில் கிடந்த வலக்கையை எடுத்தாள். சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பெருவிரலைத் தன் விரலால் தாங்கிப் பிடித்தாள். அந்தக் கையைத் தூக்கி, காத்திருந்த என் இடக்கை உள்ளங்கையில் வைத்து, மேலிருந்து கீழாக ஒருமுறை உரசினாள்.

வலக்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இடக்கைக்கு அது யாரோ ஒருவருடைய குளிர்ந்த கையாகப் பட்டது.

முகத்தை எனக்கு நேரே வைத்துக்கொண்டு, அதையே திரும்பவும் செய்தாள். இந்தமுறை புருவங்கள் உயர்ந்திருந்தன. முடிந்ததா?

ஓம் என்று சொல்ல எங்கள் பாஷையில் கை தேவையில்லை. தலையை ஆட்டினேன்.